ஆறு பொட்டலம் வாங்கியும் பிடித்த காபி கிடைக்கவில்லையா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒருமுறை வெளியே எங்கோ குடித்த கறுப்புக் காபி, சர்க்கரையே போடாமல் இனிப்பாக, ஏதோ பழவாசனையோடு இருந்திருக்கிறது. அதைத் தேடி ஆறு பொட்டலம் வாங்கி, வீட்டில் ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் (பொடியை வெந்நீரில் ஊறவைத்து, வலை வைத்த கம்பியை அழுத்தி வடிக்கும் குடுவை) போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று கசக்கிறது, ஒன்று புளிக்கிறது, மிச்சம் நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றன. எல்லாமே பொடியாக வாங்கியது, அளவு ஸ்பூன் கணக்கு. "எந்தக் காபியை வாங்கினால் எனக்குப் பிடிக்கும்?"

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வாங்கிய ஆறில் ஒன்றைக்கூட நீங்கள் இன்னும் சரியாக ருசி பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பொடி வாங்கி எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது, ஸ்பூன் ஒரு நாள் கோபுரமாக இருந்திருக்கும், ஒரு நாள் தட்டையாக இருந்திருக்கும், தண்ணீர் ஒரு நாள் தளதளவென்று கொதித்தது, ஒரு நாள் கொஞ்சம் ஆறியது. இத்தனையும் மாறிக்கொண்டே இருக்கும்போது கசந்தது கொட்டையா, உங்கள் கைப்பக்குவமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை, போடும் முறையை அசையாமல் நிறுத்துவது. அது நின்ற பிறகு கொட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். பிடித்த காபி அப்போது தானாகப் பிடிபடும்.

ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள், கிராம் காட்டினால் போதும். 30 கிராம் காபிக்கு 500 கிராம் தண்ணீர். இதுதான் உங்கள் நிலையான அளவு, இனிமேல் எந்தக் கொட்டை வந்தாலும் முதல் முறை இதே அளவில்தான் போட வேண்டும். ஸ்பூன் ஏன் கூடாது என்றால், இளம் வறுவல் கொட்டை கெட்டியாகக் கனமாக இருக்கும், கருவறுவல் உப்பி லேசாகிவிடும், ஆக ஒரே ஸ்பூனில் இரண்டும் ஒரே எடை வராது. நீங்கள் புளிப்பு என்று ஒதுக்கிய பொட்டலத்துக்கும் கசப்பு என்று ஒதுக்கிய பொட்டலத்துக்கும் அளவே வேறாக இருந்திருக்கலாம்.

ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் நான் போடும் விதத்தைச் சொல்கிறேன். ஆற்றுமணல் பருமனில் அரைத்த பொடி, கொதித்து இறக்கிய உடனே ஊற்றிய தண்ணீர், 4 நிமிடம் தொடாமல் விடுவது. மேலே பொடி ஒரு ஆடைபோல் மிதந்துகொண்டிருக்கும். அதை ஸ்பூனால் மெல்லக் கலைத்தால் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும், மிச்ச நுரையை எடுத்துக் கொட்டிவிடுங்கள். அப்புறம் இன்னும் 5 நிமிடம் பொறுங்கள். பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பொடி தன் எடையிலேயே அடியில் படிந்துகொள்ளும், அழுத்துகம்பியைத் தண்ணீரின் மேல்பரப்பு வரை மட்டும் இறக்கி அதை வடிகட்டியாக வைத்து மெதுவாக ஊற்றினால் போதும். அடிவரை பலமாக அழுத்தினால் படிந்த மண்டியெல்லாம் கிளம்பிக் கோப்பைக்கு வரும், கடைசி இரண்டு மடக்கு நாக்கில் நறநறக்கும். 9 நிமிடம் ஊறினால் கசந்துவிடாதா என்று கேட்பீர்கள். இந்தப் பருமனில் கசக்காது, ஏனென்றால் முதல் சில நிமிடங்களில் பெரும்பகுதி இறங்கிவிடும், அப்புறம் தண்ணீரும் ஆறிக்கொண்டே வருவதால் மிகவும் மெதுவாகத்தான் இறங்கும்.

புளிப்பு, கசப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆறு பொட்டலத்தின் கதையே அதில்தான் இருக்கிறது. வறுத்த கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம்தான். அது முழுவதையும் இறக்கிவிட்டால் காபி வாயில் வைக்க முடியாது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் எர்னஸ்ட் லாக்கார்ட் இதை அளந்து பார்த்து ஒரு வரைபடமே போட்டார். பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீருக்குள் இறங்கினால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் என்பது அதன் சாரம், இன்றைக்கும் தொழிலில் இருப்பவர்கள் அந்த வரைபடத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதற்குக் குறைந்தால் புளிப்பும் ஒருவித உப்புத்தன்மையும் முன்னால் நிற்கும். கூடினால் கசப்பும் துவர்ப்பும்.

இதை நாக்கில் உணர ஒரு வழி இருக்கிறது, ஒருமுறை செய்து பாருங்கள், அப்புறம் மறக்கவே மாட்டீர்கள். காகித வடிகட்டியில் ஊற்றிப் போடும் கூம்பு யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி, கீழே வைக்கும் கோப்பையை நடுவில் இரண்டு முறை மாற்றுங்கள். முதலில் வடிந்தது ஒரு கோப்பை, நடுவில் வடிந்தது ஒன்று, கடைசியில் வடிந்தது ஒன்று. முதல் கோப்பை கறுப்பாக, கெட்டியாக, முகத்தைச் சுளிக்கவைக்கும் புளிப்போடு இருக்கும். நடுக்கோப்பை தேன்நிறத்தில், இனிப்புத் தட்டும். மூன்றாவது வெளிறிப்போய், நீர்த்து, அடிநாக்கில் காய்ந்த குச்சியைக் கடித்த மாதிரி கசப்பு மட்டும் நிற்கும். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிக் குடித்தால் நல்ல காபி. எனக்கு இதைச் செய்துகாட்டிய நாளில்தான், புளிக்கிற காபி என்பது பாதியில் நின்றுபோன காபி என்பது முழுதாகப் புரிந்தது.

ஆகவே காபி வெடுக்கென்று புளித்து, சப்பென்று முடிந்தால், கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், இன்னும் கொஞ்சம் நைசாக அரையுங்கள். கசந்து, வாயை உலர்த்தினால் கொஞ்சம் பருமனாக அரையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அதுவும் முதலில் அரைப்பைத்தான். அரைப்பை இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் மட்டுமே "இது என் காபி இல்லை" என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

நல்ல காபிக்கு எதில் காசு போடலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது அரைக்கும் கருவிதான். கையால் சுற்றும் சின்னது போதும், ஆனால் உள்ளே சுழலும் பிளேடு இருக்கக் கூடாது, இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி அரைபடும் வகையாக இருக்க வேண்டும். பிளேடு கொட்டையைக் கண்டபடி வெட்டும், பாதி மாவாகும், பாதி கல்லாக நிற்கும். மாவு கசப்பைக் கொடுக்க, கல் புளிப்பைக் கொடுக்க, ஒரே கோப்பையில் இரண்டு கோளாறும் சேர்ந்து வரும், எந்தப் பக்கம் திருத்துவது என்றே தெரியாது. இன்னொன்று, அரைத்த நொடியிலிருந்து மணம் பறந்துகொண்டே இருக்கிறது. உங்களுடைய நான்கு பொட்டலம் ஒரே மாதிரி இருந்ததற்கு இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். பழைய பொடியில் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக்காட்டும் மென்மையான மணங்கள் முதலில் போய்விடும், மிஞ்சுவது எல்லாக் காபிக்கும் பொதுவான கசப்பும் ஒரு அட்டைப்பெட்டி வாசனையும்தான். இப்போதைக்கு அரைக்கும் கருவி வாங்க முடியாது என்றால், கடையிலேயே ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்கு என்று சொல்லி அரைத்து வாங்குங்கள், குறைவாக வாங்கி ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பொட்டலத்தில் முதலில் தேட வேண்டியது வறுத்த தேதி. "இந்த நாளுக்குள் பயன்படுத்தவும்" என்ற தேதி நமக்கு எதையும் சொல்லாது. நானும் ஒருமுறை அழகான உறையைப் பார்த்து, தேதி இல்லையே என்று உறுத்தியும் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். வெந்நீர் ஊற்றியபோது பொடி அசையவே இல்லை, சேறு மாதிரி அப்படியே நனைந்து கிடந்தது. புதிதாக வறுத்த காபி அப்படி இருக்காது. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமிலவாயு அடைபட்டுக்கொள்கிறது, பல நாள் மெல்ல மெல்ல வெளியேறும். தண்ணீர் பட்டதும் அது ஒரே மூச்சில் வெளிவரப் பார்க்கும், பொடி மேடாக உப்பி, குமிழி வெடித்து, நடுவில் பள்ளம் விழுந்து, மணம் முகத்தில் அடிக்கும். அந்த உப்பலைப் பார்த்தாலே கொட்டையின் வயசு தெரிந்துவிடும். ஊற்றிப் போடும் முறையில் காபியின் எடைக்கு இரண்டு மடங்கு தண்ணீரை முதலில் விட்டு 30 முதல் 45 விநாடி காத்திருக்கச் சொல்வது இந்தக் காற்று வெளியேறத்தான், இல்லையென்றால் காற்று தண்ணீரைப் பொடிக்குள் போகவிடாது.

அதற்காக இன்று வறுத்ததை இன்றே போடவும் வேண்டாம், அப்போது காற்று ரொம்ப அதிகம். நடுத்தர வறுவலுக்கு ஒரு வாரம் கழித்து ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்துக்குள் முடிப்பது நல்ல கணக்கு. கருவறுவல் சீக்கிரம் பழசாகும், ஏனென்றால் எண்ணெய் கொட்டையின் மேல்பரப்புக்கு வந்து காற்றோடு சேர்ந்து காரல் அடிக்கத் தொடங்கும். வெளிச்சம் படாத, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். நிறைய வாங்கிவிட்டால் ஒரு வாரத்துக்கு ஒரு சின்னப் பொட்டலமாகப் பிரித்து, காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் வைக்கலாம், கெடாது. வெளியே எடுத்தால் குளிர் விடும் வரை, அதாவது அறையின் வெப்பத்துக்கு வரும் வரை, திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் கொட்டையில் கோத்துக்கொள்ளும்.

சரி, இப்போது கொட்டைக்கு வருவோம். கடைக்காரர்கள் நாட்டுப் பெயரைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். என் அனுபவத்தில் ஒருவருக்கு ஒரு காபி பிடிக்குமா பிடிக்காதா என்பதை முதலில் தீர்மானிப்பது வறுவல், அடுத்தது பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்துக் காயவைத்த முறை, அதற்கு அப்புறம்தான் நாடு, ரகம், மலையின் உயரம் எல்லாம்.

வறுவலைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சுமார் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொட்டை சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். அந்த வெடிப்பு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே இறக்கினால் இளம் வறுவல், கொட்டை விளைந்த இடத்தின் பூ, பழ வாசனையும் புளிப்பும் அதில் தங்கும். இன்னும் விட்டால் புளிப்பு தணிந்து கேரமல், சாக்லேட், வறுத்த பருப்பு என்று போகும். இரண்டாவது வெடிப்புக்கும் அப்பால் போனால் எண்ணெய் பளபளக்கும், கருகலும் புகையும்தான் தூக்கலாக இருக்கும், அந்தக் கட்டத்தில் எந்த நாட்டுக் கொட்டை என்று கண்டுபிடிப்பதே சிரமம். கருவறுவல் பிடித்தவர்களைத் தாழ்வாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அந்த அடர்த்தியான கசப்பு ஒரு தனிச் சுகம்தான். ஆனால் "ஸ்ட்ராங்" என்ற ஒரு சொல்லை மூன்று விஷயத்துக்குப் போட்டு ஏமாறுகிறோம்: கசப்பு வறுவலால் வருவது, கெட்டித்தன்மை காபி, தண்ணீர் விகிதத்தால் வருவது, தூக்கத்தை விரட்டும் கஃபீன் கொட்டையின் இனத்தால் வருவது. முக்கியமான இரண்டு இனங்களில், அராபிகாவில் கஃபீன் கொட்டையின் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம். வறுவல் கறுத்தால் கஃபீன் கூடும் என்பது தவறு. பொட்டலத்தில் 5க்கு 4 என்று ஸ்ட்ராங் அளவு போட்டிருந்தால் அது பெரும்பாலும் வறுவலைத்தான் சொல்கிறது.

காயவைக்கும் முறைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். காபி ஒரு பழம், நாம் குடிப்பது அதன் விதையை வறுத்து. பழத்தோலையும் கூழையும் நீக்கிக் கழுவி விதையை மட்டும் காயவைத்தால் அது கழுவிய காபி, தெளிவாக, சுத்தமாக, எலுமிச்சை மாதிரியான புளிப்போடு இருக்கும். பழத்தை முழுசாக அப்படியே வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து அப்புறம் விதையை எடுத்தால், சதை விதையின் மேலேயே புளித்துக் காய்வதால் கனிந்த பழவாசனையும் இனிப்பும் ஏறும். இதைத்தான் நேச்சுரல் என்று போடுவார்கள். தோலை நீக்கி, பிசுபிசுப்பான கூழோடு காயவைத்தால் ஹனி, இரண்டுக்கும் நடுவில் நிற்கும், பெயரில்தான் தேன், சேர்ப்பது எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லாமல் இனிப்பும் பழவாசனையும் தெரிந்தது என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு நேச்சுரல்தான் நினைவுக்கு வந்தது, பெரும்பாலும் எத்தியோப்பிய நேச்சுரல், இளம் அல்லது நடுத்தர வறுவல். எத்தியோப்பியாவின் ஹரார் பக்கத்து நேச்சுரல்களில் புளூபெர்ரி வாசனை முகர்ந்தாலே தெரியும். அதே நாட்டில் யிர்காசெஃபே பகுதியின் கழுவிய காபி முற்றிலும் வேறு முகம், மல்லிகையும் எலுமிச்சையும், குடிக்கத் தேநீர்போல் லேசாக. ஒரே நாடுதான், கோப்பை வேறு. நாட்டுப் பெயரைக் கடைசியில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

மற்ற திசைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேசில் காபி பெரும்பாலும் புளிப்புக் குறைவு, வேர்க்கடலையும் சாக்லேட்டுமாக வாய் நிறைய இருக்கும், யாருக்கும் அதிர்ச்சி தராது. கொலம்பியாவும் குவாத்தமாலாவும் நடுவில் நிற்பவை, இனிப்பும் புளிப்பும் சமமாக. கென்யா கூர்மையான புளிப்பு, கறுப்புத் திராட்சை, சில சமயம் தக்காளிச் சாறுபோலக்கூட. 1930களில் அங்கே ஸ்காட் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த எஸ்.எல்.28, எஸ்.எல்.34 ரகங்களுக்கு அந்தக் குணத்தில் பெரிய பங்கு உண்டு. சுமத்ராவில் கொட்டை முழுசாகக் காயும் முன்பே, ஈரமாக இருக்கும்போதே மேலுறையை நீக்கிவிடுவார்கள், அதனால் மழையில் நனைந்த மண், மரப்பட்டை மாதிரி ஒரு கனமான வாசனை வரும். இதைப் பிடித்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது, பிடிக்காதவர்கள் இரண்டாவது மடக்கு எடுக்க மாட்டார்கள். பனாமாவின் கெய்ஷா ரகம் 2004ல் அங்கு நடந்த போட்டியில் ஜெயித்து உலகப் பெயர் பெற்றது, பூவாசனை அபாரம், ஆனால் தேடலின் தொடக்கத்தில் அவ்வளவு காசு கொடுக்க வேண்டாம். "100 சதவீதம் அராபிகா" என்ற வரி தரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை, மோசமான அராபிகா ஏராளமாக இருக்கிறது, கவனமாகப் பறித்துப் பதப்படுத்திய ரோபஸ்டா அதைவிட எவ்வளவோ மேல்.

ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொரு வாரம் குடித்தால் ஒப்பிட முடியாது, போன வாரத்து ருசியை நாக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாங்குபவர்களும் வறுப்பவர்களும் உலகமெங்கும் செய்யும் கப்பிங் இதுதான், வீட்டில் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். ஒரே அளவுள்ள கோப்பைகளில் 11 கிராம் பொடி, 200 மில்லி வெந்நீர். 4 நிமிடம் விட்டு, மேலே கட்டிய ஆடையை ஸ்பூனின் முதுகால் ஒதுக்குங்கள், மூக்கைக் கோப்பைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு. அந்த நொடியில் வரும் மணம்தான் அந்தக் காபியின் உண்மையான அறிமுகம். நுரையை எடுத்துவிட்டு, இன்னும் சில நிமிடம் ஆறவிட்டு, ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள், வெட்கப்பட வேண்டாம், காற்றோடு சேர்ந்து வாய் முழுக்கத் தெளித்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். சூடாக இருக்கும்போது ஒருமுறை, வெதுவெதுப்பாக ஒருமுறை, முழுதாக ஆறிய பிறகு ஒருமுறை. கொதிக்கக் கொதிக்க எல்லாக் காபியும் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும். ஆறும்போதுதான் குணம் வெளியே வரும், நல்லது இனித்துக்கொண்டே போகும், சுமாரானது காரலும் கசப்பும் காட்டும்.

மூன்று கோப்பை வைத்து இரண்டில் ஒரே காபி, மூன்றாவதில் வேறு, அடியில் மட்டும் குறி போட்டு யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது வேறு என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் அந்த இரண்டு காபிக்கும் உங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை, விலை குறைந்ததை வாங்குங்கள், அதில் தவறே இல்லை. கண்ணை நம்பாமல் நாக்கை நம்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என் அக்கா பல வருஷமாக "எனக்குக் கருகக் கருக இருந்தால்தான் காபி" என்று சொல்பவள். ஒரு நாள் இப்படி வைத்துக் கொடுத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். மூன்று தடவை இடம் மாற்றியும் மூன்று தடவையும் அவள் விரல் வைத்தது நடுத்தர வறுவல் பிரேசில் நேச்சுரலின் மேல். கோப்பையைத் திருப்பிக் குறியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் மிச்சத்தை ஊற்றச் சொல்லிக் குடித்தாள். அவளுக்குப் பிடித்தது கசப்பில்லை, கனம். அந்த இரண்டையும் அத்தனை வருஷமும் ஒரே சொல்லால் சொல்லிவந்திருக்கிறாள்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1995ல் வந்து 2016ல் திருத்தப்பட்ட சுவைச் சக்கரம் ஒன்று இருக்கிறது, அதில் நூற்றுக்கும் மேல் சொற்கள், ஆரம்பத்தில் அதெல்லாம் வேண்டாம். புளிப்பு பிடித்ததா, கனம் போதுமா, இனிப்புத் தெரிந்ததா, விழுங்கிய பிறகு வாயில் நின்றது நல்லதா கெட்டதா, இன்னொரு கோப்பை கேட்குமா. கூடவே வறுவல், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி. பத்துக் காபி எழுதினால் உங்கள் விருப்பம் காகிதத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். பொட்டலத்தில் எழுதிய ஸ்ட்ராபெர்ரியும் ரோஜாவும் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் கவலைப்படாதீர்கள், அது வறுத்தவரின் நாக்கு.

பால் விட்டுக் குடிப்பவர் என்றால் பால் விட்டே சோதித்துப் பாருங்கள். கறுப்பில் ஜெயித்த காபி பாலில் தோற்பது சகஜம். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு மெல்லிய பூவாசனையை மூடிவிடும், ஆகவே யிர்காசெஃபேயில் பால் ஊற்றினால் எதுவும் மிஞ்சாது. சாக்லேட், பருப்பு வாசனையுள்ள நடுத்தரத்துக்கு மேற்பட்ட வறுவல், கொஞ்சம் ரோபஸ்டா கலந்தது, இவைதான் பாலைத் தாண்டி நிற்கும். டிகாக்‌ஷனும் கெட்டியாக வேண்டும், 30 கிராமுக்கு 500, அதாவது சுமார் 1க்கு 17 என்ற அளவு பாலுக்குப் போதாது, 1க்கு 8 அல்லது 10 வரை கூட்டுங்கள். நீங்கள் தேடுவது கறுப்புக் காபி என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கடினநீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் அமிலங்களைச் சமன்செய்துவிடும், எத்தனை நல்ல பழவாசனைக் காபியும் சுண்ணாம்பு மாதிரி மந்தமாகிப்போகும். நேர்மாறாகத் தாது முழுவதும் நீக்கிய தண்ணீரும் சரிப்படாது, சுவையை இழுக்க மெக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் தாது உள்ள தண்ணீரைத் தொழிலில் நல்ல இலக்காக வைத்திருக்கிறார்கள். உங்கள் காபி எது போட்டாலும் மந்தமாகவே இருந்தால், தாது அளவு அச்சிட்ட பாட்டில் தண்ணீர் ஒன்றை வாங்கி ஒரே ஒரு முறை அதில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

கருவியை இப்போது மாற்ற வேண்டாம், ஃப்ரெஞ்ச் பிரஸ் நல்ல கருவி, தவறு செய்வது கஷ்டம். ஆனால் உலோக வலை எண்ணெயையும் நுண்பொடியையும் விட்டுவிடும், அதனால்தான் கனம். காகித வடிகட்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும், காபி தெளிவாக, மணங்கள் தனித்தனியாகத் தெரியும். 1908ல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் தன் மகனின் நோட்டிலிருந்த மையொற்றுத்தாளை வைத்து முதல் காகித வடிகட்டியைச் செய்ததும் கோப்பையில் மண்டி வராமல் இருக்கத்தான். கொலஸ்டரால் கவலை உள்ளவர்களுக்கும் காகிதமே நல்லது, காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்டராலைக் கூட்டக்கூடியது, காகிதம் அதை நன்றாகவே தடுத்துவிடும். நீங்கள் வெளியே குடித்தது கண்ணாடிபோல் தெளிவாக, தேநீர் நிறத்தில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் அது காகிதத்தில் வடித்தது, அதே கொட்டையை வாங்கினாலும் ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் அது கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், ஒரு பிளாஸ்டிக் கூம்பும் காகிதமும் அந்த இடைவெளியை மூடிவிடும். எஸ்பிரஸோ பக்கம் இப்போது போகாதீர்கள். 9 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் முடிகிற அந்த முறையில் அரைப்பு ஒரு மயிரிழை தப்பினாலும் ருசி தலைகீழாகும், கொட்டையை அறிய முயல்கிற நேரத்தில் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பிடித்தது கிடைத்ததும் அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். காபி விளைச்சல் பொருள், அடுத்த அறுவடையில் அதே தோட்டத்துக் காபி வேறு மாதிரி இருக்கலாம், அல்லது தீர்ந்தே போகலாம். நடுத்தர வறுவல், நேச்சுரல், எத்தியோப்பியா, புளிப்பு மிதம் என்று உங்கள் குறிப்பில் இருந்தால் எந்த வறுப்பவரிடமும் போய்க் கேட்கலாம், அவருக்கு உடனே புரியும்.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள்: எத்தியோப்பிய நேச்சுரல் ஒன்று, எத்தியோப்பியக் கழுவியது ஒன்று, இரண்டும் இளம் அல்லது நடுத்தர வறுவல், வறுத்து மூன்று வாரம் தாண்டாதது, 100 கிராம் போதும். ஒரே காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டு, ஆற ஆறக் குடியுங்கள். நேச்சுரலில் அந்தப் பழவாசனை திரும்பி வந்தால் அங்கேயே நின்று வெவ்வேறு நேச்சுரல்களாகத் தேடுங்கள். வாசனை சரி, ஆனால் ஏதோ ஊறியது மாதிரி அதிகமாக இருக்கிறது என்றால் அடுத்தது ஹனி. இரண்டுமே புளித்தால் அரைப்பை ஒரு படி நைசாக்கி மறுநாள் இன்னொரு முறை, அதற்குப் பிறகும் புளித்தால் பிரேசிலுக்குப் போங்கள்.